பிரெடி மெர்க்குரி

பிரெடி மெர்க்குரி (செப்டம்பர் 5, 1946 - நவம்பர் 24, 1991) ஒரு பிரித்தானியப் பாடகரும் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ஆவார். இவரது இயற்பெயர் ஃபரோக் புல்சாரா. குயீன் என்ற ராக் இசைக்குழுவின் முதன்மைப் பாடகராக 1970 முதல் இறக்கும்வரை விளங்கினார். ராக் இசைக்குழுக்களின் மிகச்சிறந்த முதன்மைப் பாடகர் யார் எனத் தேர்வு செய்யும் பட்டியல்களில் முன்னிலையில் தவறாது இடம்பெறும் பெயர்களுள் இவருடையதும் ஒன்று. இந்தியப் பார்சி பெற்றோருக்குப் பிறந்த இவர், தமது பள்ளிப்பருவத்தின் பெரும்பகுதியை மகாராட்டிர மாநிலத்தில் கழித்தார்.

பிறப்பும் குடும்பமும்

இவர் அப்போது பிரித்தானியப் பாதுகாப்பில் இருந்த சான்சிபார் தீவின் கல் நகரத்தில் பிறந்தார். தந்தை போமி புல்சாரா பிரித்தானியக் குடியேற்ற அலுவலகத்தில் காசாளராகப் பணியாற்றினார். தாயார் பெயர் ஜெர். காஷ்மீரா என்ற தங்கை ஒருவர் உண்டு. குடும்பப் பெயரான புல்சாரா, குசராத்தின் புல்சார் (இன்றைய வல்சாடு) என்ற ஊரைக் குறிப்பதாகும். குடும்பத்தினர் சரத்துஸ்திர சமயத்தைப் பின்பற்றுபவர்கள்.

இந்தியாவில் கல்வி

எட்டு வயதளவில் இவர் கப்பல் வழியாக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, பஞ்ச்கனி மலைநகரில் உள்ள புனித பீட்டர் பள்ளியின் விடுதியில் சேர்க்கப்பட்டார். ஃபரோக் என்ற பெயர் பிரெடி என மாறியது இப்பள்ளியில்தான். சான்சிபார் தொலைவில் இருந்தமையால் விடுமுறைகளில் பம்பாயில் பாட்டி, அத்தை ஆகியோருடன் தங்கினார். ஏழு வயதில் தொடங்கியிருந்த பியானோ பயிற்சியை இங்கே தொடர்ந்தார். இந்தித் திரையிசைப் பாடகி லதா மங்கேஷ்கரின் குரல் இக்காலத்தில் இவரைக் கவர்ந்தவற்றுள் ஒன்றாகக் குறிப்பிடப்படுகிறது.

1958 இல் பள்ளித் தோழர் நால்வருடன் இணைந்து தி ஹெக்டிக்ஸ் என்ற குழுவை அமைத்தார். லிட்டில் ரிச்சர்ட், கிளிஃப் ரிச்சர்ட் போன்றோரின் பாடல்களை இக்குழு பள்ளி விழாக்களில் இசைத்தது. பின்னாளில் முதன்மைப் பாடகர்களுக்கு இலக்கணமாகக் கருதப்பட்ட இவர், இக்குழுவில் முதன்மைப் பாடகராக இருக்கவில்லை. பியானோ வாசிப்பவராகவே இருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

இங்கிலாந்துக்குப் புலம்பெயர்வு

1963 இல் சான்சிபார் திரும்பினார். 1964 சனவரியில் அங்கு ஏற்பட்ட புரட்சியில் அரபு, இந்திய மக்கள் பலர் கொல்லப்பட்டனர். புல்சாரா குடும்பம் இங்கிலாந்துக்குப் புறப்பட்டு, இலண்டனுக்கு மேற்கே ஃபெல்தம் என்ற ஊரில் குடியேறியது. அப்போது இவருக்கு வயது 17.

ஈலிங் கலைக் கல்லூரியில் வரைகலை பயின்று 1969 இல் பட்டயம் பெற்றார். பின்னர் கென்சிங்டன் சந்தையில் பழைய ஆடைகளை விற்றார். ஹீத்ரோ வானூர்தி நிலையத்தில் பயணப்பொதி சுமக்கும் பணியும் செய்தார். ஐபெக்ஸ், சோர் மில்க் சீ முதலிய குழுக்களில் பாடினார். அவை நிலைக்கவில்லை.

குயீன் இசைக்குழு

கித்தார் கலைஞர் பிரையன் மே, முரசு இசைப்பவரான ரோஜர் டெய்லர் ஆகியோர் ஸ்மைல் என்ற குழுவை நடத்தி வந்தனர். அதன் பாடகர் விலகியதை அடுத்து 1970 இல் பிரெடி அவர்களுடன் இணைந்தார். குழுவுக்குக் குயீன் எனப் பெயரிட்டவர் இவரே. இக்காலத்திலேயே புல்சாரா என்ற பெயரை மெர்க்குரி என மாற்றிக்கொண்டார். 1971 இல் ஜான் டீக்கன் சேர்ந்ததும் குழு முழுமை பெற்றது. தாம் கற்ற வரைகலையைக் கொண்டு குழுவின் சின்னத்தையும் இவரே வரைந்தார். நால்வரின் இராசிகளைக் குறிக்கும் இரு சிங்கங்கள், ஒரு நண்டு, இரு தேவதைகள் ஆகியன அதில் உள்ளன. தேவதைகள் இவரது கன்னி இராசியைக் குறிப்பன.

முதல் இசைத்தொகுப்பு 1973 இல் வெளியானது. 1974 இல் வந்த கில்லர் குயீன் பாடல் குழுவைப் பரவலாக அறியச் செய்தது. 1975 அக்டோபரில் வெளியான போகீமியன் ராப்சோடி இவர் எழுதியது. மெல்லிசை, ஓப்பெரா, வன்மையான ராக் எனப் பகுதிகளாக மாறிச் செல்லும் இப்பாடலில் திரும்பத் திரும்ப வரும் பல்லவி என ஒன்று இல்லை. ஏறக்குறைய 6 நிமிடம் நீளும் பாடலை வானொலிகள் ஒலிபரப்பா என்ற அச்சம் நிறுவனத்தாரிடையே இருந்தது. ஆயினும் அது பிரித்தானியப் பாடல் வரிசையில் 9 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. ஓப்பெரா பகுதியில் கேட்கும் பெருங்குழுவின் ஒலி, மெர்க்குரி, மே, டெய்லர் ஆகிய மூவரின் குரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பலமுறை பதிவு செய்து உருவாக்கப்பட்டதாகும்.

சம்பாடி டு லவ் (1976), வீ ஆர் த சாம்பியன்ஸ் (1977), கிரேசி லிட்டில் திங் கால்டு லவ் (1979) முதலியனவும் இவர் எழுதியவையே. 1981 இல் வெளியான கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் தொகுப்பின் பிரித்தானியப் பதிப்பில் உள்ள 17 பாடல்களுள் 10 பாடல்கள் இவருடையவை.

குரல் வளம்

மெர்க்குரியின் பேச்சுக் குரல் தாழ்ந்த, ஆண்களின் இடைநிலைக் குரல் வகையைச் சேர்ந்தது. பாடும்போதோ உச்சநிலைக் குரல் வகையிலேயே பெரும்பாலும் பாடினார். 2016 இல் ஐரோப்பிய ஆய்வாளர் சிலர் இவரது பதிவுகளை ஆராய்ந்து, இவரது குரலின் அதிர்வசைவு வழக்கமான பாடகர்களினதைவிட விரைவானது எனக் கண்டறிந்தனர். கரகரப்பான ஒலியை எழுப்பும்போது குரல் நாண்களுடன் அவற்றின் மேலுள்ள போலிக் குரல் நாண்களும் சேர்ந்து அதிர்ந்திருக்கலாம் என்பதும் அவர்களின் முடிவு.

இவரது வாயில் இயல்புக்கு மேலாக நான்கு பற்கள் இருந்தமையால் முன்பற்கள் துருத்தி நின்றன. அவற்றை அகற்றினால் குரல் மாறிவிடும் என அஞ்சி, வசதி வந்த பின்னரும் சிகிச்சை செய்துகொள்ளவில்லை.

மேடை நிகழ்ச்சிகள்

மேடையில் இவர் கீழ்ப்பகுதி இல்லாத ஒலிவாங்கித் தாங்கியைக் கையில் ஏந்திப் பாடுவது வழக்கம். ஆரம்பகால நிகழ்ச்சி ஒன்றில் தாங்கி முறிந்துபோக, அதனுடனேயே தொடர்ந்து பாடியதில் இவ்வழக்கம் தோன்றியது எனக் கூறப்படுகிறது.

1984 இல் இனவொதுக்கல் ஆட்சி நிலவிய தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டியில் குயீன் குழு நிகழ்ச்சிகள் நடத்தியது. ஐக்கிய நாடுகள் அவையின் பண்பாட்டுப் புறக்கணிப்பை மீறிய இச்செயல் கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. பிரித்தானிய இசைக்கலைஞர் சங்கம் குழுவுக்கு அபராதம் விதித்தது.

குழுவின் மதிப்பு இவ்வாறு குன்றியிருந்த வேளையில், எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்கான லைவ் எய்டு நிகழ்ச்சி சூலை 13, 1985 அன்று இலண்டன் வெம்பிளி அரங்கில் நடைபெற்றது. ஏறத்தாழ 72,000 பேர் கூடியிருந்தனர். குயீனுக்குக் கிடைத்தது சுமார் 20 நிமிடம் மட்டுமே. பாடல்களுக்கிடையே மெர்க்குரி சொற்களற்ற ஒலிகளைப் பாட, அரங்கம் முழுவதும் அவற்றைத் திருப்பிப் பாடியது. மேடை ராக் இசையின் மிகச்சிறந்த நிகழ்ச்சிகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. குழுவுடனான இவரது இறுதி மேடை நிகழ்ச்சி ஆகத்து 9, 1986 அன்று நெப்வொர்த்தில் நடந்தது.

ராக் இசைக்கு வெளியே, எசுப்பானிய ஓப்பெரா பாடகி மொன்செராட் கபாயேவுடன் பார்சிலோனா (1988) என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார். அதன் தலைப்புப் பாடல், மெர்க்குரியின் மறைவுக்குப் பின் 1992 பார்சிலோனா ஒலிம்பிக் போட்டிகளின்போது மீண்டும் புகழ் பெற்றது.

தனி வாழ்க்கை

மேடையில் ஆர்ப்பாட்டமாகத் தோன்றிய மெர்க்குரி தனி வாழ்வில் கூச்ச இயல்புடையவர். நேர்காணல்களை இயன்றவரை தவிர்த்தார். தமது இந்திய, சான்சிபார் பின்னணியைப் பற்றிப் பொதுவில் மிக அரிதாகவே பேசினார். இதனால் இவர் ஆசியர் என்பதை இரசிகர் பலர் இவரது இறப்புக்குப் பின்னரே அறிந்தனர். இதனை மறைப்பு எனச் சிலரும், புலம்பெயர்ந்தோர் மீது வெறுப்பு நிலவிய அக்காலப் பிரித்தானியாவில் ஓர் இளைஞனின் தற்காப்பு எனச் சிலரும் கருதுகின்றனர்.

மேரி ஆஸ்டின் என்பவருடன் 1970களில் சில ஆண்டுகள் வாழ்ந்தார். தாம் ஆண்களையும் விரும்புவதை அவரிடம் தெரிவித்த பின் பிரிந்தாலும், இறுதிவரை அவரையே நெருங்கிய தோழியாகக் கொண்டிருந்தார். கடைசி ஆண்டுகளில் ஜிம் ஹட்டன் இவரது துணைவராக இருந்தார்.

நோயும் மறைவும்

1987 இல் இவருக்கு எயிட்சு நோய் இருப்பது உறுதியானது. அந்நோய்க்குப் பயனுள்ள கூட்டு மருந்து முறை 1996 அளவில்தான் வழக்குக்கு வந்தது. செய்தித்தாள்கள் இவரது மெலிந்த தோற்றத்தைப் படமெடுத்து வெளியிட்டபோதும், நோயைப் பற்றி இவர் எதையும் கூறவில்லை. நிற்கவும் இயலாத நிலையிலும் ஒலிப்பதிவுக்குச் சென்று, தாம் இறந்த பின் குழுவினர் முடித்துக்கொள்ளத் தக்கவாறு பாடி வைத்தார். அப்பதிவுகள் 1995 இல் மேட் இன் ஹெவன் தொகுப்பில் வெளிவந்தன.

நவம்பர் 23, 1991 அன்று தமக்கு எயிட்சு உள்ளதை அறிக்கை வாயிலாக வெளிப்படுத்தினார். மறுநாள் மாலை, கென்சிங்டனில் உள்ள தமது இல்லத்தில் நுரையீரல் அழற்சியால் காலமானார். அகவை 45. ஆங்கிலேய ராக் பாடகராகவே உலகம் அறிந்திருந்த இவரது இறுதிச் சடங்கைச் சரத்துஸ்திர சமயக் குருமார் நடத்தினர். உடல் இலண்டனில் எரியூட்டப்பட்டது. இவரது விருப்பப்படி சாம்பல் வைக்கப்பட்ட இடம் வெளியிடப்படவில்லை.

தரவரிசைகளில் இடம்

1992 ஏப்ரல் 20 அன்று வெம்பிளியில் நினைவு நிகழ்ச்சி நடைபெற்றது. அதன் வருவாயைக் கொண்டு எயிட்சு ஒழிப்புக்கான மெர்க்குரி பீனிக்ஸ் அறக்கட்டளை நிறுவப்பட்டது. 1996 இல் சுவிட்சர்லாந்தின் மோந்திரோ நகர ஏரிக்கரையில் இவரது சிலை திறக்கப்பட்டது. 2002 இல் பிபிசி நடத்திய 100 மாபெரும் பிரித்தானியர் வாக்கெடுப்பில் 58 ஆம் இடம் பெற்றார்.

ரோலிங் ஸ்டோன் இதழின் மிகச்சிறந்த பாடகர் பட்டியலில் 2008 இல் 18 ஆம் இடத்தையும், 2023 இல் 14 ஆம் இடத்தையும் பெற்றார். அதே இதழ் 2011 இல் முதன்மைப் பாடகர்களுக்கென நடத்திய வாசகர் வாக்கெடுப்பில் லெட் செப்பலின் குழுவின் ராபர்ட் பிளான்ட்டுக்கு அடுத்ததாக இரண்டாம் இடம் பெற்றார். இவ்வேறுபாடு இரு தேர்வுகளின் அளவுகோல்கள் வேறு என்பதைக் காட்டுகிறது. எல்லா வகை இசையிலிருந்தும் பாடகர்களைத் தெரிவு செய்யும் பட்டியலில் குரலே முதன்மை பெறுகிறது. குழுவின் முதன்மைப் பாடகரைத் தெரிவு செய்யும்போதோ, குரலுடன் பாடல் இயற்றும் திறனும், மேடையில் நின்று கூட்டத்தைத் தம்வசப்படுத்தும் ஆற்றலும் கணக்கிடப்படுகின்றன. மெர்க்குரியின் வலிமை இம்மூன்றும் ஒருவரிடம் அமைந்தமையே எனலாம்.

2023 ஆம் ஆண்டுப் பட்டியலில் 84 ஆம் இடத்தில் லதா மங்கேஷ்கர் இடம்பெற்றுள்ளார். பஞ்ச்கனி மாணவர் கேட்டு வளர்ந்த குரலும், அம்மாணவரின் குரலும் இவ்வாறு ஒரே பட்டியலில் உள்ளன.