மூட்டுவலியும் கல்லும்: பெஞ்சமின் பிராங்கிளினின் கடைசி ஆண்டுகள்

1785ஆம் ஆண்டு ஜூலை மாதம். பிரான்சில் எட்டரை ஆண்டுகள் அமெரிக்கத் தூதராக இருந்த பெஞ்சமின் பிராங்கிளின் தாயகம் புறப்பட்டார். துறைமுகம் வரை குதிரை வண்டியில் போக அவரால் முடியவில்லை. வண்டி குலுங்கினால் சிறுநீர்ப்பையில் இருந்த கல் உரசி வலி உயிரை வாங்கியது. கடைசியில் பிரெஞ்சு அரண்மனை இரவலாகத் தந்த பல்லக்கில், கோவேறு கழுதைகள் சுமக்க, 79 வயது முதியவர் மெல்ல மெல்லப் பயணம் செய்தார்.

இடிதாங்கியைக் கண்டுபிடித்தவர் என்று பள்ளிப் பாடத்தில் நாம் படித்த அதே பிராங்கிளின்தான்.

கல்லுக்கு முன்பே அவரைப் பிடித்தது கௌட் எனப்படும் மூட்டுவலி. 1776 ஜூனில், அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் எழுதப்பட்ட நாள்களில், கௌட் அவரை மாநாட்டுக்கே போகவிடாமல் வீட்டில் முடக்கியது. 1780இல் மறுபடியும் கடுமையாகத் தாக்கியபோது, தமக்கும் அந்த நோய்க்கும் நடக்கும் உரையாடல் ஒன்றை நகைச்சுவையாக எழுதினார். அதிகம் சாப்பிடுகிறாய், நடக்காமல் வண்டியில் போகிறாய், சதுரங்கப் பலகையை விட்டு எழுவதில்லை என்று நோய் அவரை வறுத்தெடுக்கும். வலியில் துடித்தவர் எழுதியது என்று நம்புவதே கடினம்.

இரண்டே ஆண்டுகளில் கல்லின் தொல்லையும் தொடங்கியது. அந்த வேதனை அவருக்குப் புதிதல்ல. அண்ணன் ஜானும் கல்லால் அவதிப்பட்டவர்; அவருக்காக 1752இல் வெள்ளிக் கொல்லர் ஒருவரின் அருகிலேயே உட்கார்ந்து, வளையக்கூடிய சிறுநீர்க் குழாய் ஒன்றைச் செய்வித்து அனுப்பியிருந்தார். தம் கல்லுக்கோ அறுவை சிகிச்சை வேண்டாம் என்றுவிட்டார். மயக்க மருந்தே இல்லாத காலம் அது.

இரண்டு நோய்களுக்கும் பொதுவான மூலப்பொருள் யூரிக் அமிலம். இறைச்சி, மது போன்றவற்றால் இரத்தத்தில் அது மிகுந்தால், மூட்டுகளில் ஊசி போன்ற படிகங்களாகத் தங்கி வீக்கமும் வலியும் தரும். சிறுநீரில் அமிலத்தன்மை கூடி, குடிக்கும் தண்ணீரும் குறைந்தால், அதே பொருள் சிறுநீரகத்தில் கல்லாக உறையும். கௌட் உள்ளவர்களுக்குக் கல் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். இவ்வகைக் கல் சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. ஆனால், சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் மருந்தால் கரைக்க முடியும். பிராங்கிளினின் கல் வெளியே எடுக்கப்படாததால், அது இவ்வகைதான் என்று அடித்துச் சொல்வதற்கில்லை.

சுவீடன் வேதியியலாளர் ஷீலே சிறுநீர்க் கல்லில் இந்த அமிலத்தைக் கண்டறிந்ததும் அதே 1776இல்தான். ஆனால், அதற்கும் கௌட்டுக்கும் உள்ள உறவு அப்போது தெரியாது. பிராங்கிளின் மதுவைக் குறைத்தார். உணவில் அளவு காத்தார். கடைசி ஓராண்டு பெரும்பாலும் படுக்கையில், வலிக்கு அபின்.

1790 ஏப்ரல் 17ஆம் தேதி பிலடெல்பியாவில், 84ஆம் வயதில் நுரையீரல் நோயால் காலமானார். கௌட் நோயாளியின் மூட்டுக் கட்டியிலும் அதே அமிலத்தின் உப்பு இருப்பதை ஆங்கிலேய விஞ்ஞானி வொல்லஸ்டன் கண்டறிந்தது 1797இல். அதற்குள் ஏழு ஆண்டுகள் கடந்திருந்தன.