கடலுக்கடியில் சென்ற குரல்

வாப்பா வெளிநாட்டு வேலைக்காகக் கடவுச்சீட்டைப் புதுப்பித்துக்கொண்டு வந்த வாரத்தில்தான் போல் ரோப்சனைப் பற்றி முதன்முதலாக வாசித்தேன். அந்தச் சின்னப் புத்தகத்தைப் பறித்தே ஒரு மனிதனை முடக்கிவிடலாம் என்று அதுவரை நான் நினைத்ததில்லை.

ரோப்சன் 1898இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை அடிமையாகப் பிறந்து, பதினைந்து வயதில் தப்பியோடி, பின்னர் மதபோதகரானவர். சிறு வயதிலேயே தாயை இழந்த ரோப்சன் புலமைப்பரிசில் பெற்று ரட்கர்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். அமெரிக்கக் காற்பந்தாட்டத்தில் 1917, 1918 ஆகிய இரு வருடங்களும் தேசியச் சிறப்பணிக்குத் தெரிவானார். பிறகு சட்டம் படித்தார். ஆனால் அலுவலகத்தில் ஒரு வெள்ளைக்காரச் சுருக்கெழுத்தாளர், கறுப்பர் சொல்ல நான் எழுதமாட்டேன் என்றதும் அத்தொழிலையே விட்டார். இவ்விடத்தை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. ஆயினும் நல்லதொரு பாடகர் உலகுக்குக் கிடைத்தது அதனால்தான். 1943இல் நியூயோர்க்கில் அவர் நடித்த 'ஒத்தெல்லோ' 296 தடவைகள் மேடையேறியது.

1949இல் சோவியத் நாடு அணுகுண்டை வெடித்தது. சீனாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்தனர். அமெரிக்காவைப் பயம் பிடித்தது. ஆசிரியர்களும் நடிகர்களும் விசாரணைக் குழுக்களின் முன் நிறுத்தப்பட்டனர். பதில் சொல்ல மறுத்தவர்கள் வேலை இழந்தனர். கறுப்பின மக்களின் உரிமைக்காகவும் சோவியத் நட்புக்காகவும் வெளிப்படையாகப் பேசியவர் ரோப்சன். அதே வருடம் பீக்ஸ்கில் என்ற ஊருக்கருகே அவர் பாட்டைக் கேட்க வந்தவர்களைக் கும்பலொன்று கல்லால் அடித்தது. 1950இல் அரசு அவருடைய கடவுச்சீட்டை இரத்துச் செய்தது. உள்நாட்டில் மண்டபங்கள் கதவடைத்தன. வெளிநாடு செல்ல வழியில்லை. வருமானம் அற்றுப்போனது. அக்காலத்தில் வெளிவந்த ஒரு விளையாட்டுப் புத்தகம் 1918ஆம் வருடத்துச் சிறப்பணியில் பதினொருவருக்குப் பதில் பத்துப் பேரையே காட்டியது. விடுபட்ட ஒருவர் யாரென்று சொல்லத் தேவையில்லை.

அவர் வாயடைத்து இருக்கவில்லை. 1952இல் கனடா எல்லையில் ஒரு லொறியின் மேல் நின்று பாடினார். எல்லைக்கு அப்பாலும் இப்பாலும் பல்லாயிரம் பேர் கேட்டனர். 1956இல் விசாரணைக் குழு அழைத்தது. கட்சி உறுப்பினரா என்ற கேள்விக்கு அவர் பதில் கூற மறுத்தார். 1957இல் அத்திலாந்திக் கடலடியில் புதிதாகப் போடப்பட்டிருந்த தொலைபேசிக் கம்பி வழியாக நியூயோர்க்கிலிருந்து பாடினார். முதலில் இலண்டன் மண்டபமொன்றில் கேட்டார்கள். சில மாதங்களின் பின் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் விழாவில் கேட்டார்கள். அந்தத் தொழிலாளரும் பதிலுக்குப் பாடினார்களாம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அவரிலும் குறை இருந்தது. ஸ்டாலின் ஆட்சியில் அப்பாவிகள் பலர் கொல்லப்பட்டதைப் பற்றி அவர் பகிரங்கமாகக் கண்டிக்கவேயில்லை. அநீதியை எதிர்த்தவர் அதில் மட்டும் மௌனமானது எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஆனால் அதற்காக அவர் பாட்டை நிறுத்த அரசுக்கு என்ன உரிமை?

1958இல் உயர்நீதிமன்றம் வேறொருவரின் வழக்கில் அளித்த தீர்ப்பினால் கடவுச்சீட்டு திரும்பக் கிடைத்தது. அவ்வருடமே வேல்ஸ் சென்று மக்களை நேரில் கண்டார். எட்டு வருடங்கள் போயிருந்தன. உடல்நலமும் பின்னர் கெட்டது. 1976இல் காலமானார். கல்லூரிக் காற்பந்து வீரர்களுக்கான புகழ்க்கூடம் அவருடைய பெயரைச் சேர்த்துக்கொண்டது 1995இல்தான்.