செண்பகப்பெருமாள்

நல்லூர்த் திருவிழாவுக்கு மானிப்பாயிலிருந்து ஆண்டுதோறும் போய்வரும் நாம், அங்கே ஓதப்படும் கட்டியத்தில் ஸ்ரீசங்கபோதி புவனேகபாகு என்னும் பெயரைக் கேட்டிருப்போம். அது யாழ்ப்பாணத்துத் தமிழ் மன்னன் பெயரன்று. நம் நாட்டை வென்ற செண்பகப்பெருமாளின் பெயரே அது என்பது அறிஞர் பலர் துணிபு. முந்திய அமைச்சனொருவனைச் சொல்வாரும் உளர்.

சிங்களவர் இவனைச் சப்புமல் குமாரயா என்பர். கோட்டையரசன் ஆறாம் பராக்கிரமபாகுவின் வளர்ப்பு மகன். 1450ஆம் ஆண்டளவில் இவன் படையெடுத்து வரவே, கனகசூரிய சிங்கையாரியன் மைந்தரோடு இந்தியா சென்றான். தேவிநுவரைப் பிக்கு ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்த இவனுக்குக் குயிலைத் தூதுவிட்டுச் சிங்களத்தில் நூல் செய்தார்.

மொழியும் சமயமும் வேறான குடிகளை எவ்வாறு ஆண்டான்? யாழ்ப்பாண வைபவமாலை, இவ்வாட்சியை விசயவாகு என்பவன்மேல் ஏற்றி, தமிழரைச் சிங்கள நடையுடைக்கு மாறும்படி அவன் வருத்தினான் என்கிறது. கட்டியமோ கோயிலோடு சேர்த்துப் போற்றுகிறது. இரண்டையும் நாம் தள்ளுவதற்கில்லை. வாளால் நாட்டைக் கொண்டவன், குடிகள் கைகூப்பும் இடத்தை மதியாமல் பதினேழாண்டு இருந்திருப்பானா? ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்குமுன் சிசிலித் தீவையாண்ட நோர்மானிய அரசன் இரண்டாம் ரோஜரும் அரபு, கிரேக்கம், இலத்தீன் என மும்மொழியிலும் ஆணை வழங்கியவனே.

1467இல் பராக்கிரமபாகு இறந்தான். பின் செண்பகப்பெருமாள் கோட்டைக்கு மீண்டு, பட்டத்திலிருந்த ஜயபாகுவைக் கொன்று ஆறாம் புவனேகபாகுவானான். கனகசூரியன் திரும்பிவந்து யாழ்ப்பாண அரசைப் பெற்றான். பழைய நல்லூர்க் கோயிலைப் பறங்கியர் 1621இல் இடித்தனர். ஒல்லாந்தர் காலத்தில் எழுந்த இன்றைய கோயிலிலே அக்கட்டியம் ஓதப்பட்டு வருகின்றது.