அண்டக் கதிர் ஆய்ந்த அறிஞர் ஹோமி பாபா

பாடப் புத்தகங்கள் தலைமுறைக்குத் தலைமுறை மாறி வருகின்றன. அணுவே பொருளின் கடைசிக் கூறு என்று ஒரு காலத்தவர் படித்தனர். அணுவினுள்ளே இலத்திரன், புரோத்தன், நியூத்திரன் என மூன்று துணிக்கைகள் உண்டென்று அவர்க்குப் பின் வந்தோர் படித்தனர். புரோத்தனும் நியூத்திரனும் குவார்க்கு எனப்படும் நுண்கூறுகளால் ஆனவை என்று இன்றைய மாணவர் படிக்கின்றனர். கல்முனையிலும் காரைதீவிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் விஞ்ஞானம் பயிலும் இளைஞருள் இதனைக் கண்டு மயங்குவோர் உளர். நேற்றுச் சொன்னதை இன்று மாற்றிச் சொல்லும் ஓர் அறிவை எங்ஙனம் நம்புவது என்பதே அவர்தம் மயக்கம். நியாயமான கேள்விதான். இதற்குரிய விடையைத் தருக்கத்தாற் கூறுவதிலும் ஒரு பெரியாரின் வாழ்க்கையாற் காட்டுவது நன்று என்று கருதி, ஹோமி பாபா அவர்களின் வரலாற்றை இம்மலரிலே எடுத்துக் கொண்டோம்.

காரைதீவிலே 1892 ஆம் ஆண்டு தோன்றிய விபுலாநந்த அடிகளார், தமிழ்ப் பேராசிரியராவதற்கு முன் விஞ்ஞான ஆசிரியராக விளங்கியவர். விஞ்ஞானத்தைத் தமிழிலே எடுத்துரைக்க வேண்டுமென்று கலைச்சொல்லாக்கத்தில் உழைத்தவர். அவர் பிறந்த மண்ணிலே, பௌதிக அறிஞர் ஒருவரின் கதையைத் தமிழிற் சொல்வது பொருத்தமேயாகும்.

ஹோமி ஜஹாங்கீர் பாபா 1909 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 30 ஆந் திகதி பம்பாய் நகரிலே, செல்வமும் கல்வியும் நிறைந்த பார்சிக் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் சட்டம் கற்றவர். அத்தையார் டாட்டா குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். மகன் இங்கிலாந்து சென்று பொறியியல் கற்றுத் திரும்பி, ஜம்ஷெட்பூரிலுள்ள டாட்டா இரும்பாலையிலே உயர்பதவி வகிக்க வேண்டுமென்பது வீட்டாரின் விருப்பம். அவ்விருப்பத்தின்படி 1927 ஆம் ஆண்டு அவர் கேம்பிரிட்ச் சர்வகலாசாலையை அடைந்தார்.

ஆனால், அங்கே அவர் மனத்தைக் கவர்ந்தது பௌதிகம். தமக்கு இயந்திரங்களில் நாட்டமில்லை என்பதைத் தந்தையாருக்கு ஒளியாது எழுதினார். தந்தையாரும் பிடிவாதக்காரரல்லர். பொறியியற் பரீட்சையில் முதல் வகுப்பிலே தேறினால் மேலும் தங்கிக் கணிதம் கற்கலாம் என்று ஒரு நிபந்தனை விதித்தார். 1930 இல் பொறியியலிலும், 1932 இற் கணிதத்திலும் முதல் வகுப்பிலே தேறி, மகன் தாம் விரும்பிய வழியிற் சென்றார்.

அந்த 1932 ஆம் ஆண்டு பௌதிக வரலாற்றிலே மறக்கொணாத ஆண்டு. கேம்பிரிட்சிலுள்ள கவண்டிஷ் ஆய்வுகூடத்திலே சட்விக் நியூத்திரனைக் கண்டறிந்தார். அதே கூடத்தில் கொக்குரொவ்ற், வோல்ற்றன் என்னும் இருவர் செயற்கையாக விரைவூட்டிய துணிக்கைகளைக் கொண்டு அணுக்கருவைப் பிளந்தனர். அமெரிக்காவிலே அன்டர்சன் என்பார் இலத்திரனுக்கு எதிர்த் துணிக்கையான பொசித்திரனைக் கண்டார். பழைய பாடங்கள் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்ட அந்தச் சூழலிலேதான் இளைஞர் பாபா ஆராய்ச்சியிற் புகுந்தார்.

அவர் எடுத்துக் கொண்ட பொருள் அண்டக் கதிர். விண்வெளியிலிருந்து இரவு பகலென்னாது பூமியின் மேற் பொழிந்து கொண்டிருக்கும் கதிர்கள் இவை. இவற்றிலே அக்காலத்தில் ஒரு பெருஞ் சிக்கல் இருந்தது. மிகு விரைவுடைய இலத்திரன் ஈயத்தகட்டினுட் புகுந்தால் விரைவிலே தன் சக்தியை இழந்துவிடும் என்று புதிய குவாண்டம் கொள்கை கூறிற்று. ஆனால், அண்டக் கதிர்த் துணிக்கைகளிற் பல தடித்த ஈயத்தையும் துளைத்துக் கொண்டு சென்றன. எனவே, உயர்ந்த சக்தியிலே குவாண்டம் கொள்கை செல்லாது போலும் என்று அறிஞர் பலர் ஐயுற்றனர்.

1937 ஆம் ஆண்டு பாபாவும் ஹைட்லர் என்னும் அறிஞரும் சேர்ந்து இச்சிக்கலை ஆராய்ந்தனர். விரைந்து வரும் இலத்திரன் ஒன்று அணுக்கருவின் அருகே செல்கையில் ஒளித்துணிக்கையொன்றை வெளியிடும். அவ்வொளித்துணிக்கை ஓர் இலத்திரனும் ஒரு பொசித்திரனுமாக மாறும். அவையிரண்டும் மீண்டும் ஒளித்துணிக்கைகளை வெளியிடும். இவ்வாறு ஒன்று பலவாகிப் பெருகி, சக்தி தீர்ந்ததும் ஓயும். அண்டக் கதிர்களிலே காணப்பட்ட துணிக்கை மழைக்குக் காரணம் இதுவே என்று இருவரும் கணித்துக் காட்டினர். அமெரிக்காவிலும் இருவர் அதே ஆண்டில் தனித்து இம்முடிவுக்கு வந்தனர். ஆகவே கொள்கையிற் பிழையில்லை. அங்ஙனமாயின் ஈயத்தைத் துளைத்துச் செல்வது எது? அது இலத்திரனாக இருத்தல் இயலாது. இலத்திரனிலும் பாரமாய், புரோத்தனிலும் இலேசாய் உள்ள வேறொரு துணிக்கையாதல் வேண்டும் என்ற முடிவுக்குப் பாபா வந்தார். அமெரிக்க அறிஞர்கள் முகிலறையிலே பதிந்த சுவடுகளைக் கொண்டு அத்தகைய துணிக்கை உண்மையில் உளதென்று அக்காலத்திலேயே காட்டினர்.

இத்துணிக்கை கணப்பொழுதே வாழ்வது. அதன் ஆயுள் ஒரு செக்கனின் பத்து லட்சத்தில் இரண்டு பங்களவேயாகும். ஒளியின் வேகத்திற் சென்றாலும் அதற்குள் முக்கால் மைல் கூடக் கடக்க முடியாது. ஆயினும் பல மைல் உயரத்திலே தோன்றும் அது தரையை அடைகின்றது. வேகமாகச் செல்லும் பொருளுக்குக் காலம் மெதுவாகச் செல்லும் என்னும் ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கைப்படி, விரையும் இத்துணிக்கையின் ஆயுள் நமக்கு நீண்டு தோன்றும் என்பதைப் பாபா 1938 இல் எடுத்துக் காட்டினார். மூன்று ஆண்டுகளின் பின் பரிசோதனை அதனை மெய்ப்பித்தது. கல்முனைக் கடற்கரையிலே கையை விரித்து நிற்போர் ஒருவரின் உள்ளங்கையை நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு துணிக்கைகள் இவ்வாறு ஊடுருவிச் செல்கின்றன; நாம் அதனை உணர்வதில்லை.

புதிய துணிக்கைக்குச் சிலர் மெசொத்திரன் என்று பெயரிட்டிருந்தனர். நடுவானது என்னும் பொருள்தரும் கிரேக்க வேரிலே அந்தத் திரகரத்துக்கு இடமில்லை எனக் கூறி, மெசொன் என்பதே தக்க பெயரென 1939 இற் பாபா எழுதினார். பெயர் நிலைத்தது. ஆனால், அப்பெயருக்குப் பின்னர் நேர்ந்ததுதான் இக்கதையின் முக்கிய பகுதி.

அணுக்கருவைப் பிணைத்து வைக்கும் விசையை விளக்குவதற்காக ஜப்பானிய அறிஞர் யுக்காவா, இலத்திரனைப் போல் ஏறக்குறைய இருநூறு மடங்கு திணிவுடைய துணிக்கையொன்று இருத்தல் வேண்டுமென 1935 இற் கூறியிருந்தார். அண்டக் கதிரிற் கண்ட துணிக்கையின் திணிவும் ஏறக்குறைய அவ்வளவே. எனவே, இரண்டும் ஒன்றே என உலகத்து அறிஞரெல்லாம் கருதினர். பாபாவும் அவ்வாறே கருதினார்.

1939 இல் விடுமுறைக்காக இந்தியா வந்திருந்த வேளையிலே இரண்டாம் உலக யுத்தம் மூண்டது. அவர் கேம்பிரிட்சுக்குத் திரும்பவில்லை. பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞான நிலையத்திலே, தமிழகம் தந்த சேர். சி. வி. இராமன் அவர்கள் நடத்திய பௌதிகப் பகுதியில் 1940 இற் சேர்ந்தார். 1941 இல், முப்பத்தோராவது வயதில், இலண்டன் றோயல் சங்கத்தின் அங்கத்தவரானார். ஓவியத்திலும் இசையிலும் வல்ல அவரை இராமன் அவர்கள் லியொனார்டோ டா வின்சிக்கு ஒப்பிட்டுப் போற்றினார்கள்.

பெங்களூரிலே ஒரு கேள்வி அவரை வருத்திற்று. யுக்காவாவின் துணிக்கை அணுக்கருவோடு வலுவாக மோதிச் சிதற வேண்டும். அண்டக் கதிர்த் துணிக்கையோ அணுக்கருக்களைப் பொருட்படுத்தாது கடந்து சென்றது. இம்முரண்பாட்டைத் தீர்ப்பதற்காக, புரோத்தனுக்கு இரட்டை மின்னேற்றமுடைய உயர்நிலைகளும் உண்டென்று பாபா 1940 இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஹைட்லரும் தனித்து அத்தகைய கருத்தையே கூறினார். முடிச்சை அவிழ்க்க இருவரும் இவ்வாறு பெரிதும் முயன்றனர்.

முடிச்சோ வேறிடத்தில் இருந்தது. யுத்த காலத்திலே தொடங்கிய ஆய்வொன்றை ரோமாபுரியில் மூன்று இளம் அறிஞர் முடித்து, 1947 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முடிவை வெளியிட்டனர். அண்டக் கதிர்த் துணிக்கைகள் கரியில் நின்றபோது, அணுக்கரு அவற்றைக் கவர்ந்து கொள்ளவில்லை என்பதை அவர்கள் கண்டனர். ஆகவே அவை யுக்காவாவின் துணிக்கை அல்ல. அதே ஆண்டிலே இங்கிலாந்துப் பேராசிரியர் பவலும் அவர் குழுவினரும், உயர்ந்த மலைகளில் வைத்தெடுத்த ஒளிப்படத் தகடுகளில் இரண்டு துணிக்கைகளைக் கண்டனர். ஒன்று மற்றொன்றாகச் சிதைந்தது. முதலாவதே யுக்காவா கூறிய பை மெசொன். இரண்டாவது, பாபா பல காலம் ஆராய்ந்த துணிக்கை. அது மியூவொன் எனப்பட்டது. பின்னாளில் மியூவொன் மெசொன் இனத்தைச் சேர்ந்ததேயன்று, இலத்திரனின் பாரமான உறவு என்றும் தெளிவாயிற்று. எந்தத் துணிக்கைக்குப் பாபா பெயர் தேடினாரோ அதனை விட்டுப் பெயர் வேறிடம் சென்றது!

இத்தகடு முறையிலே கல்கத்தாவைச் சேர்ந்த டி. எம். போஸ் அவர்களும், விபா சௌதுரி என்னும் பெண்மணியும் பவலுக்கு முன்னரே முயன்றனர். யுத்தத்தினால் நல்ல தகடுகள் கிடையாமையால் அவர்கள் பணி தடைப்பட்டது. சான்று கிடைப்பதற்கு அறிவு மட்டும் போதாது, வசதியும் வேண்டும் என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம். சௌதுரி அவர்களைப் பின்னர் பாபா தமது நிலையத்திற் சேர்த்துக் கொண்டார்.

தாம் நம்பியது பிழையென்று தெரிந்த பின் பாபாவின் பெருமை குறைந்ததா? குறையவில்லை. துணிக்கை மழைக் கணக்கு நின்றது. கால நீட்சி பற்றிய கருத்து நின்றது. புரோத்தனின் இரட்டை மின்னேற்ற நிலை என்று அவர் கற்பித்தது, வேறு காரணத்துக்காகக் கூறப்பட்டதாயினும், 1952 இல் சிக்காகோவிலே பேர்மி குழுவினரின் பரிசோதனையில் வெளிப்பட்டது. பிழையான வினாவுக்குத் தேடிய விடையிலும் உண்மை ஒன்று ஒளிந்திருந்தது.

1945 இல் பாபா தொடங்கிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் பம்பாயிலே அவருடைய அத்தையாரின் வீட்டின் ஒரு பகுதியில் முதலில் நடைபெற்றது. பிறநாட்டார் தரும் சான்றுகளுக்குக் காத்திராமல் நாமே சான்று தேட வேண்டும் என்பதே அதன் நோக்கம். தமிழ்த் தொழிலாளர் பலர் உழைத்த கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்திலே மியூவொன்களை அளக்க ஸ்ரீகண்டன் முதலானோரை அனுப்பினார். ஏறக்குறைய ஒன்றே முக்கால் மைல் ஆழத்திலே இரண்டு மாத காலம் ஒரு மியூவொன்னும் பதியவில்லை. வெறுங்கையென்று பிறர் எண்ணக்கூடிய இம்முடிவே பெரும்பேறாயிற்று. வேறெதுவும் இடையூறு செய்யாத அவ்வகை ஆழத்திலேதான் நியூத்திரினோ என்னும் பிடிபடாத் துணிக்கையைத் தேட முடியும் என ஆராய்ச்சியாளர் கண்டனர். 1965 இல், ஜப்பானிய, ஆங்கில அறிஞரின் துணையோடு, வளிமண்டலத்திலே தோன்றிய நியூத்திரினோவின் தடயம் கோலாரிற் பதிவாயிற்று. அதே ஆண்டில் தென்னாபிரிக்கச் சுரங்கமொன்றிலும் அது காணப்பட்டது.

பாபாவின் எல்லாக் கணிப்பும் பலிக்கவில்லை. 1955 இல் ஜெனீவாவிலே அணுசக்தி மகாநாட்டுக்குத் தலைமை வகித்தபோது, அணுக்கருச் சேர்க்கையால் வரும் சக்தியை இருபது ஆண்டுகளுக்குள் மனிதன் ஆளக் கற்பான் என்றார். எழுபது ஆண்டுகள் கடந்தும் அச்சக்தி நம் வீட்டு விளக்கை ஏற்றவில்லை. அறிஞர் சொன்னாரென்பதற்காக ஒன்றை நம்பலாகாது என்பதற்கு அவரே சான்று.

1966 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 24 ஆந் திகதி, வியன்னாவுக்குச் செல்லும் வழியில், அவர் பயணஞ் செய்த விமானம் அல்ப்ஸ் மலையின் மோன் பிளாங் சிகரத்தில் மோதிற்று. ஐம்பத்தாறாவது வயதிலே அவர் மறைந்தார்.

அவருக்குப் பின்னரும் பாடம் மாறிக்கொண்டே வந்தது. நியூத்திரினோவுக்குத் திணிவே இல்லை என்று கொண்டிருந்தனர். கோலாரிற் கண்ட அவ்வளிமண்டல இனத்தையே ஆராய்ந்து, திணிவு உண்டென்பதை ஜப்பானியர் 1998 இற் காட்டினர். மியூவொன்னின் காந்த இயல்பு கொள்கையோடு ஒவ்வவில்லை என 2021 இல் அமெரிக்க ஆய்வுகூடமொன்று அறிவித்தபோது, புதிய விசையொன்று தோன்றிற்றோ என உலகம் எதிர்பார்த்தது. 2025 இல் அளவீடு மேலும் நுட்பமாயிற்று. கொள்கைக் கணக்கும் திருத்தப்பட்டது. வேறுபாடு பெரும்பாலும் மறைந்தது. ஆவலோடு காத்திருந்தோர்க்கு ஏமாற்றமே. ஆயினும் அதனை மறைக்காது வெளியிட்டனர்.

இளைஞர்களே! விஞ்ஞானம் மாறுவது அதன் குறையன்று. சான்றுக்குத் தலைவணங்கும் பண்பு அது. ஆனால், மாற்றத்துக்கு எல்லையும் உண்டு. அளந்து பார்த்தவை நிற்கும். அவற்றுக்கு நாம் தந்த விளக்கமே மாறும். தம் கருத்துப் பிழையானபோது வருந்தி நிற்காது, மேலும் அளப்பதற்கு இடம் அமைத்துக் கொடுத்தவர் ஹோமி பாபா. படித்த பாடம் நாளை மாறுமென்று அஞ்சாமல், அதனை மாற்றக்கூடிய சான்றைத் தேடும் ஒருவராவது எமது கல்முனைக் கரையிலிருந்து எழுவாராக.