தீவுகட்கு வான்வழி கண்ட பிரெஸ்ஸன்

ஸ்காத்லாந்தின் வடமுனைக்கு அப்பால் ஆர்க்னி என்னும் தீவுக்கூட்டம் உளது. ஆங்கு மரங்கள் அரிய, காற்றோ ஓயாது. பெருநிலத்தினின்று அதனைப் பிரிக்கும் பென்ட்லாந்து நீரிணையின் நீரோட்டம் மாலுமிகள் அஞ்சத்தக்கது. பவுல் அப்போஸ்தலரை அலைக்கழித்த யூரோக்கிலிதோன் காற்றை வேதத்திற் படித்த நம்மனோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதின்று. கப்பலையே நம்பியிருந்த அத்தீவினர்க்கு வான்வழி வகுத்த கேப்டன் பிரெஸ்ஸன் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

1891-இற் பிறந்த இவர், சீன நாட்டிற் சில காலம் வாழ்ந்தார்; முதல் உலகப் போரில் விமானியாகப் பணிபுரிந்தார். பின்னர்க் கட்டணம் பெற்று மக்களை வானில் ஏற்றி இறக்கும் வேடிக்கைத் தொழில் நடத்தி ஊரூராய்த் திரிந்தார். அத்தொழிலே 1931-இல் அவரை ஆர்க்னிக்குக் கொணர்ந்தது. கப்பலுக்குப் பெருந்தொல்லையாகிய நீரிணை விமானத்துக்குச் சில நிமிட வழியே என்பதை ஆங்கு அவர் கண்டார்.

1933-இல் ஹைலாந்து ஏர்வேஸ் என்னும் கம்பெனியை நிறுவி, மே 8-ஆம் நாள் இன்வர்னெஸ் நகரினின்று விக் வழியாகக் கர்க்வாலுக்குச் சேவை தொடங்கினார். மானோஸ்பார் என்னும் சிறு விமானம் ஒன்றே அன்று அவர்தம் முதற்பொருள். விமான நிலையமோ உழவர் ஒருவரின் புல்வெளி!

யாம் வியப்பது அவர்தம் துணிவை அன்று. துணிந்த விமானிகள் அக்காலத்துப் பலர். மழையினும் மூடுபனியினும், வழிகாட்டும் ரேடியோவும் இன்றித் தொடக்கத்திற் பறந்த இவர், குறித்த நேரத்திற் சென்று மீள்வதையே தம் நோன்பாகக் கொண்டார். கடற்பனி கவிந்தால் அலைகட்குச் சற்று மேலே தாழ்ந்து பறப்பார். கரையின் ஒவ்வொரு பாறையும் அவர்க்கு அடையாளம். எதிர்காற்றை நோக்கி இறங்கினால் விமானம் சிறிது தூரத்தில் நின்றுவிடும். ஆதலின் காற்று எத்திசையினின்று அடிப்பினும் இறங்கத்தக்க நிலங்களையே தேடி அமைத்தார். ஆண்டொன்று ஒழுங்காக நடந்த பின்னரே தபால் இலாகா நம்பியது. 1934 மே 29-ஆம் நாள், மிகைக்கட்டணம் இன்றிச் சாதாரணத் தபால் தலையுடனேயே கடிதங்கள் இன்வர்னெஸினின்று கர்க்வாலுக்கு வானிற் சென்றன. பிரிட்டனுள் அத்தகைய நிலையான சேவை அதுவே முதலாவது.

அவ்வாண்டே வட ரொனால்ட்சே முதலிய சிறு தீவுகட்கும் பறந்தார். மருத்துவமனை இல்லாத தீவினின்று நோயாளியை ஏற்றிவர அவ்விமானமே ஓடோடி வந்தது. பிறரெல்லாம் இலாபக் கணக்குப் பார்த்து ஒதுக்கும் இச்சிற்றூர்ச் சேவையையே யாம் அவர்தம் பெருஞ்செயலாக மதிக்கின்றோம்.

1947-இல் கம்பெனிகள் அரசாங்கக் கார்ப்பரேஷனுடன் ஒன்றாயின. மறு ஆண்டே பிரெஸ்ஸன் வேலையினின்று நீக்கப்பட்டார். ஒவ்வொரு புல்வெளியையும் காலால் அளந்தறிந்தவரைத் தொலைநகர் அலுவலகம் வேண்டாததாகக் கருதியது எமக்கு இன்றும் விளங்கவில்லை. சிறு தீவுகளின் சேவையும் மீட்டும் நடைபெறவில்லை. 1963-இல் அவர் காலமானார். 1967-இல் லோகன்ஏர் கம்பெனி அத்தீவுகட்கு மறுபடியும் விமானம் விட்டது. வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்னும் இரு தீவுகட்கிடையே அது பறக்கும் நேரம் ஏறக்குறைய 2 நிமிடம்.