மண்புழுவுக்கு மதிப்புத் தந்த மேதை

நள்ளிரவு. விளக்கும் கையுமாக ஒரு கிழவர் உட்கார்ந்திருக்கிறார். எதிரே சில மண் தொட்டிகள். தொட்டிகளுக்குள் மண்புழுக்கள்!

அந்தக் கிழவர்தான் சார்லஸ் டார்வின். உயிரினங்கள் சிறுகச் சிறுக மாறி வந்தவை என்று சொல்லி, உலகையே கலக்கிய விஞ்ஞானி.

டார்வின் 1809-ம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். 22-வது வயதில் "பீகிள்" என்ற கப்பலில் ஏறினார். ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் உலகைச் சுற்றிவிட்டு, 1836-ல் தாய்நாடு திரும்பினார்.

மாமன் சொன்ன சேதி

மறு ஆண்டு தாய்மாமன் ஜோசையா வெட்ஜ்வுட் வீட்டுக்குப் போனார். இந்த மாமன் மகள் எம்மாதான் பிறகு டார்வினின் மனைவி ஆனார்.

மாமன் ஒரு புல்வெளியைக் காட்டினார். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே சுண்ணாம்பும் கரிக்கட்டிகளும் பரப்பியிருந்தார்கள். இப்போது மேலே எதையும் காணோம்! தோண்டிப் பார்த்தால், சில அங்குல ஆழத்தில் அவை அப்படியே கிடந்தன.

இது மண்புழு செய்த வேலை என்றார் மாமன். அடி மண்ணைத் தின்று, மேலே வந்து எச்சமாகத் தள்ளுகிறது. மேலே கிடந்த பொருள் அதனடியில் புதைந்து போகிறது.

29 ஆண்டு சோதனை

இவ்வளவு சிறிய புழு இவ்வளவு பெரிய வேலை செய்யுமா என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். டார்வின் வாதாடவில்லை. சோதித்துப் பார்த்தார்.

1842-ல் டவுன் என்ற கிராமத்தில் குடியேறினார். அங்கே ஒரு வயலில் சுண்ணக்கட்டிகளைப் பரப்பினார். பிறகு காத்திருந்தார். ஓர் ஆண்டல்ல, ஈராண்டல்ல, 29 ஆண்டுகள்! 1871-ல் குழி வெட்டிப் பார்த்தார். சுண்ணக்கட்டிகள் 7 அங்குலம் கீழே இறங்கியிருந்தன.

வீட்டிலும் தொட்டிகளில் புழு வளர்த்தார். குழல் ஊதினால் அவை அசையவில்லை, காது கிடையாது. ஆனால் தொட்டியைப் பியானோ மேல் வைத்துத் தட்டினால், அதிர்ச்சி உணர்ந்து வளைக்குள் ஓடி ஒளிந்தன. இரவில் சருகுகளை வளைக்குள் இழுத்துக் கொண்டன.

சுற்றி வரும் சத்து

சருகை ஏன் இழுக்க வேண்டும்? அதுதான் அதன் சாப்பாடு.

இலை, வெயிலின் சக்தியைச் சேர்த்து வைக்கிறது. வேர் மண்ணின் சத்தை உறிஞ்சித் தருகிறது. இலை உதிர்ந்ததும் புழு அதைத் தின்கிறது. வெயில் தந்த சக்தி புழுவின் உழைப்பிலும் உடல் சூட்டிலும் செலவாகிவிடும், திரும்பி வராது. ஆனால் சத்து வீணாவதில்லை. எச்சத்தோடு மண்ணில் சேருகிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதை மேலும் மக்க வைக்கின்றன. மறுபடி வேர் உறிஞ்சுகிறது. புது இலை துளிர்க்கிறது. அந்த இலையை மாடு தின்கிறது. மாட்டின் பாலை நாம் குடிக்கிறோம்.

இங்கிலாந்தின் பல இடங்களில், ஓர் ஏக்கரில் ஆண்டுக்கு 10 டன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் வயிற்றில் புகுந்து வெளிவருவதாக டார்வின் கணக்கிட்டார். மனிதன் கலப்பை பிடிக்கும் முன்பே புழு உழத் தொடங்கிவிட்டது என்றும் எழுதினார்.

அந்த நூல் 1881-ல் வெளிவந்தது. அதுவே அவருடைய கடைசி நூல். ஆயிரக்கணக்கில் விற்றது.

1882 ஏப்ரல் 19-ல் டார்வின் காலமானார். டவுன் கிராமத்து மண்ணிலேயே அடக்கமாக வேண்டும் என்பது அவர் ஆசை. நாடு விடவில்லை. லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில், மேதை நியூட்டனின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்தார்கள்.

டவுன் கிராமத்தில் அவருடைய புழுக்களின் சந்ததி இன்றும் சருகை இழுத்துக் கொண்டுதான் இருக்கிறது.