ஒரு ஹாஸ்டல் பையனும் ஓர் இரும்புத் துண்டும்

இந்த மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, நம் காலேஜ் மெல்லிசைக் குழுவைப் பற்றித்தான் எழுதுவதாக இருந்தேன். பேனாவை எடுத்ததும், மேடை ஓரத்தில் நாற்காலி போட்டு, கிடாரை மடியில் படுக்கவைத்துக்கொண்டு, கம்பிகள்மேல் இரும்புத் துண்டை வழுக்கவிட்டு வாசித்த நம் நண்பன் முகம்தான் முன்னால் வந்தது. (பெயர் சொல்லவேண்டாம், நம் செட் ஆட்களுக்குத் தெரியும்.) அது ஹவாயன் கிடார் என்ற அளவுக்குத்தான் நமக்கு அப்போது தெரியும். அப்படி வாசிக்கலாம் என்று கண்டுபிடித்தது யார் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. ரிட்டயர் ஆன பிறகு சாவகாசமாகத் தேடிப் படித்தேன். அவரும் ஒரு ஹாஸ்டல் பையன்தான் என்று தெரிந்தபோது, அவரைப் பற்றியே எழுதிவிடலாம் என்று தோன்றிவிட்டது.

அவர் பெயர் ஜோசப் கெகூகு. ஹவாய்த் தீவுகளில் ஓவாஹு என்ற தீவு; அதன் வடகிழக்குக் கரையில் லாயியே என்று ஒரு கிராமம். அங்கே 1874 டிசம்பரில் பிறந்தார். அப்போது ஹவாய் ஒரு தனி ராஜ்யம். பத்துப் பதினொரு வயதில் கிடாரோடு ரயில் பாதை ஓரமாக நடந்து போனபோது கீழே கிடந்த ஒரு போல்ட்டை எடுத்தாராம், அது கம்பியில் உரசியதாம், அந்தச் சத்தம் மனசைப் பிடித்துக்கொண்டதாம். இந்தக் கதையைப் பல மாதிரி சொல்கிறார்கள். சிலர் சீப்பு என்பார்கள், சிலர் பேனாக்கத்தி என்பார்கள். எது உண்மையோ, எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது பிறகு நடந்ததுதான்.

ஹோனலூலுவில் கமேஹமேஹா ஆண்கள் பள்ளி 1887-ல் திறந்தது. இளவரசி பெர்னிஸ் பவாஹி பிஷப் எழுதிவைத்த உயில்படி ஹவாய்ப் பிள்ளைகளுக்காக ஏற்பட்ட பள்ளி. 1889-ல் கெகூகுவும் அவருடைய சொந்தக்காரரான சாம் நைனோவாவும் அங்கே தங்கிப் படிக்கப் போனார்கள். பாடத்தோடு தொழிலும் கற்றுத்தரும் பள்ளி அது. அங்கிருந்த பட்டறையில்தான் நம் ஆள் கைக்கு அடக்கமாக ஒரு எஃகுத் துண்டைச் செய்துகொண்டார். அதோடு விடவில்லை. கம்பிகள் கட்டைமேல் படாமல் இருக்க அவற்றைக் கொஞ்சம் உயர்த்தினார். நரம்புக்குப் பதில் உலோகக் கம்பி போட்டார். விரலால் அழுத்தினால் ஸ்வரம் படிப்படியாகத்தான் ஏறும். எஃகை வழுக்கினால் நடுவில் உள்ளதெல்லாம் சேர்ந்து ஒலிக்கும். கமகம் கேட்டுப் பழகிய நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை. கைக்கு வர ஏழு வருஷம் ஆனது என்று அவரே சொன்னதாக எழுதியிருக்கிறார்கள். ஹாஸ்டல் ரூமில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எப்படித்தான் பொறுத்துக்கொண்டார்களோ! பொறுத்துக்கொண்டது மட்டுமில்லை, பார்த்துப் பார்த்துத் தாங்களும் கற்றுக்கொண்டார்கள்.

1893-ல் ராணியைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். 1898-ல் அமெரிக்கா தீவுகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 1904-ல் கெகூகு கப்பலேறி அமெரிக்கா போனார். சொந்த ஊரில் வாழ அவர் திரும்பி வரவேயில்லை. மேற்குக் கரையில் மேடை மேடையாக வாசித்தார், சொல்லிக்கொடுத்தார். 1915-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பெரிய பொருட்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுக்க ஹவாய் இசைப் பைத்தியம் பிடித்தது. 1919-ல் 'பேர்ட் ஆஃப் பாரடைஸ்' நாடகக் குழுவோடு ஐரோப்பா போய் சுமார் எட்டு வருஷம் ஊர் ஊராகச் சுற்றினார். அப்புறம் சிகாகோ, கடைசியில் நியூஜெர்சி மாநிலத்து டோவர். அங்கே கிடார் வாத்தியாராக இருந்து, 1932 ஜனவரியில் 57 வயதில் காலமானார். மின்சாரக் கிடார் வியாபாரத்துக்கு வந்ததும் அதே 1932-ல்தான். முதலில் விற்பனைக்கு வந்தது நின்று வாசிக்கும் கிடார் இல்லை, ரிக்கன்பேக்கர் செய்த மடியில் வைத்து வாசிக்கும் எஃகுக் கிடார்!

இவர்தான் முதல் ஆள் என்பதில் சண்டை உண்டு. ஜேம்ஸ் ஹோவா என்று ஒருவரைச் சொல்கிறார்கள். கேப்ரியல் டேவியன் என்று இன்னொருவர். அவர் இந்தியாவில் பிறந்து கப்பலில் ஹவாய் போய்ச் சேர்ந்தவராம். நம்மவர் என்றதும் எனக்கும் சபலம் தட்டியது, ஒப்புக்கொள்கிறேன். கோட்டுவாத்தியத்தில் கட்டையை வழுக்கித்தானே வாசிக்கிறார்கள்? ஆனால் அதைப் பார்த்து இது வந்தது என்று காட்ட ஆதாரம் இல்லை. கம்பிமேல் ஏதோ ஒன்றை வழுக்கியவர்கள் பல பேர் இருந்திருக்கலாம். அதற்கென்று ஒரு கருவி செய்து, வாத்தியத்தை மாற்றி, முறையாக வாசித்து, நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர் கெகூகு. 1920-களில் ஹவாயில் ஆராய்ச்சி செய்த ஹெலன் ராபர்ட்ஸ் அம்மையாரும் அந்தக் கமேஹமேஹா மாணவரைத்தான் சொன்னார். கூடப் படித்தவர்கள் ஞாபகம் வைத்திருந்திராவிட்டால் இந்த மனுஷனுக்கு வேறு என்ன சாட்சி?

நம்ம தேசத்துக்கு அந்த வாசிப்பு வந்த வழிகளில் ஒன்று, அதே லாயியே கிராமத்தில் வளர்ந்த டாவ் மோ. அவர் குடும்பத்தோடு உலகம் சுற்றி, 1940-களில் சில வருஷம் கல்கத்தாவில் தங்கினார். பிறகு வான் ஷிப்ளி, சுனில் கங்குலி என்று சினிமாப் பாட்டை வாசித்த இசைத்தட்டுகள். நம் நண்பன் தேய்த்துத் தேய்த்துக் கேட்டது அவைகளைத்தான். பிரிஜ் பூஷண் காப்ரா அதில் ராகமே வாசித்தார். 1967-ல் சந்தூர், புல்லாங்குழலோடு அவர் வாசித்த 'கால் ஆஃப் தி வேலி' இப்போதும் கிடைக்கிறது, கேளுங்கள்.

1993-ல் எஃகுக் கிடார் கலைஞர்கள் தங்கள் கௌரவப் பட்டியலில் கெகூகுவைச் சேர்த்தார்கள். 2015-ல் லாயியேயில் சிலையும் வைத்தார்கள், கிடாரும் கையுமாக. அவரை அடக்கம் செய்த இடம் டோவரில், ஆர்ச்சர்ட் தெருக் கல்லறையில். ஜனவரி மாசம் அங்கே பனி கொட்டும்.